பிளெண்டர் சாடியை விட்டு வருகிறவர்களுக்கு: கையால் வடிக்கும் கோப்பிக்கு எந்தக் கிரைண்டர்?

தலவாக்கலையிலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். பதுளையில் மாமா வீட்டுத் தோட்டத்துக் கோப்பியை வாங்கி, தானே சட்டியில் வறுத்து, பிளெண்டரோடு வந்த சின்னச் சாடியில் அரைத்து, வி60 வடிகட்டியிலும் (தாள் வைத்து ஊற்றும் கூம்பு) பிரெஞ்ச் பிரஸ்ஸிலும் (ஊற வைத்துச் சல்லடையால் அமுக்கும் சாடி) போட்டுக் குடிக்கிறாராம். "ஒரே கோப்பைக்குள் புளிப்பும் இருக்கிறது, கசப்பும் இருக்கிறது. வி60இல் ஊற்றினால் தண்ணீர் பாதியில் நின்றுவிடுகிறது. டிசம்பரில் அண்ணன் கனடாவிலிருந்து வருகிறார், கிரைண்டர் ஒன்று கொண்டுவரச் சொல்லலாம் என்று இருக்கிறேன். கையால் சுற்றுவதா, கரண்டில் ஓடுவதா? அப்பாவோடு சேர்த்து வீட்டில் மூன்று பேர் குடிக்கிறோம்" என்பது கேள்வி.

டீச்சர், கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. புளிப்பு மட்டும் இருந்தால் தூள் பெரிதாகிவிட்டது என்று சொல்லலாம். கசப்பு மட்டும் இருந்தால் தூள் பொடியாகிவிட்டது அல்லது வறுவல் கருகிவிட்டது என்று சொல்லலாம். இரண்டும் ஒரே கோப்பையில் வந்தால் உங்கள் தூளில் பெரியதும் பொடியும் கலந்து கிடக்கிறது. பொடி சட்டென்று தன் சாரம் முழுவதையும் விட்டுவிட்டுக் கடைசிக் கசப்பையும் இறக்குகிறது. பெரிய துண்டின் நடுப்பகுதிக்குள் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் வடிந்து முடிந்துவிடுகிறது, அதனால் முதலில் கரையும் புளிப்பு மட்டும் வெளியே வருகிறது. அந்தப் பொடிதான் வி60 தாளின் கண்களை அடைத்துத் தண்ணீரையும் நிறுத்துகிறது.

நான் பல வருஷம் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்து ஃபேக்டரியில், சலிக்கும் பகுதியில் நின்றவன். உங்கள் ஊரிலும் ஸ்டோருக்குள் போய்ப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். சிஃப்டர் என்ற சலிக்கும் மெஷின் ஓடும்போது பி.ஓ.பி. என்ற பெரிய தரம் ஒரு பக்கம் விழும், பி.ஓ.பி.எஃப். என்ற அதைவிடச் சின்னத் தரம் ஒரு பக்கம் விழும், டஸ்ட் என்ற தூள் தனியாக விழும். எல்லாம் ஒரே கொழுந்து, ஒரே நாள் உலர்த்தல். ஆனாலும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் எந்த டீமேக்கரும் டஸ்டைக் கொண்டுபோய் பெரிய இலையோடு கலக்க விடமாட்டார். டஸ்ட் ஒரு நிமிஷத்தில் சாயம் இறக்கிவிடும், பெரிய இலைக்கு நாலைந்து நிமிஷம் வேண்டும். இரண்டையும் ஒரே கேத்தலில் போட்டால் எந்த நிமிஷத்தில் வடிப்பது? கோப்பியிலும் இதே கதைதான். ஒரு வித்தியாசம் மட்டும்: தேயிலையை அரைத்த பிறகு சலித்துப் பிரிக்கிறோம், கோப்பியை அரைக்கும்போதே ஒரே அளவில் விழ வைக்க வேண்டும். கிரைண்டருக்குக் கொடுக்கும் காசு முழுவதும் இதற்குத்தான்.

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம். இன்று அரைத்ததில் ஒரு கரண்டியை வெள்ளைத் தாளில் கொட்டி, விரலால் மெல்லிசாகப் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். கொட்டையின் பாதி அப்படியே தெரியும் துண்டுகள் சில இருக்கும். மிளகுக் குருணை மாதிரி கொஞ்சம். இடையில் மைதா மாதிரி ஒரு பொடி தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஊதினாலும் போகாது. பிறகு அதையே தேயிலை வடியில் போட்டுத் தட்டுங்கள். கீழே விழும் பொடி உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பிளெண்டர் சாடியில் இருப்பது கத்தி. அது கொட்டையை அரைப்பதில்லை, அடித்து உடைக்கிறது. கத்திக்குக் கிட்ட இருக்கிற துண்டு பத்துத் தடவை அடி வாங்கும், சாடிச் சுவரில் ஒதுங்கியது தப்பித்துவிடும். எத்தனை விநாடி ஓட்டினாலும் இந்த அநியாயம் மாறாது. கூட்டினால் பொடி கூடும், அவ்வளவுதான்.

நமக்கு வேண்டியது திருகை. பாட்டி வீட்டில் இரண்டு கல் வைத்த திருகை பார்த்திருப்பீர்கள்: அடிக்கல் அசையாது, மேல்கல் சுற்றும், நடுவில் இருக்கிற இடைவெளிக்கு மேலான எதுவும் வெளியே வர முடியாது. இன்று கடையில் பர் கிரைண்டர் என்று விற்பது அதே திருகையின் சின்ன வடிவம். பர் என்றால் அந்த இரண்டு பல் வளையங்கள். ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும், இடைவெளியை நாம் திருகி வைக்கிறோம். தட்டையாக ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் தட்டைப் பர், ஒன்றுக்குள் ஒன்று கூம்பாக இருந்தால் கூம்புப் பர். கையால் சுற்றுகிறவை அநேகமாக எல்லாமே கூம்புதான். இந்த இரண்டுக்கும் ருசியில் வித்தியாசம் உண்டு என்று பெரிய விவாதமே நடக்கிறது. முதல் கிரைண்டர் வாங்குகிற நீங்கள் அதில் தலையைக் கொடுக்க வேண்டாம்.

எதைப் பார்க்க வேண்டும் என்றால், உள்பல்லைச் சுற்றும் நடுத் தண்டைப் பாருங்கள். இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் நான் பணத்தை விட்டது இங்கேதான். நான் முதலில் வாங்கியது ஒரு பீங்கான் பல் வைத்த கைக் கிரைண்டர். கண்ணாடிப் போத்தல், மேலே பிளாஸ்டிக் மூடி, பார்க்க லட்சணமாக இருந்தது. பொடியாக அரைத்தபோது பரவாயில்லை. பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கென்று பெரிதாகத் திருகி வைத்ததும் பிளெண்டரில் வந்த மாதிரியே வந்தது. கழற்றிப் பார்த்தேன். நடுத் தண்டை மேலே ஓரிடத்தில்தான் பிடித்திருந்தார்கள், கீழே பிடிப்பில்லை. உள்பல்லை விரலால் தள்ளினால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. இடைவெளி கூடக் கூட ஆட்டமும் கூடும். ஒரு பக்கம் நூல் அளவு இடைவெளி, எதிர்ப் பக்கம் கொட்டை முழுசாக நழுவும் இடைவெளி. திருகையின் நடு முளை தேய்ந்தால் மாவு எப்படி வருமோ அப்படி. மாவரைத்த எந்தப் பாட்டியும் ஒரு சுற்றிலேயே இதைக் கண்டுபிடித்திருப்பார்.

ஆகவே அண்ணனிடம் சொல்லுங்கள்: தண்டை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பெயாரிங் தாங்க வேண்டும். கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் அடிக் கிண்ணத்தைக் கழற்றி, உள்பல்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கட்டும். அசையக் கூடாது. வெறுமனே சுற்றினால் சத்தமில்லாமல், எங்கேயும் உரசாமல் ஓட வேண்டும். உடம்பு முழுக்க உலோகமாக இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் உடம்பு, இறுகப் பிடித்துச் சுற்றும்போது நெளிந்து கொடுக்கும்.

பல் எதில் செய்தது என்பது அடுத்த விஷயம். பீங்கான் பல் துருப்பிடிக்காது, தேயவும் நாளாகும். ஆனால் அது கொட்டையை நசுக்குகிற மாதிரித்தான் அரைக்கும், பொடி கூடுதலாக விழும். நன்றாகக் கடைந்த எஃகுப் பல் வெட்டி எடுக்கும், கைக்கும் இலேசு. எனக்குக் கேட்டால் எஃகு. உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மாமா வீட்டுக் கோப்பியை முற்றத்தில் காயப் போட்டிருப்பார்கள். அதில் சின்னச் சின்னக் கல் வரும். வறுத்த பிறகு கல்லும் கொட்டையும் ஒரே நிறத்தில் இருக்கும், கண்ணுக்குத் தப்பிவிடும். பீங்கான் பல்லில் ஒரு கல் மாட்டினால் முனை உடைந்துவிடும், எஃகிலும் வாய் மழுங்கிவிடும். எதை வாங்கினாலும் வறுப்பதற்கு முன் சுளகில் போட்டு நிதானமாகப் புடைத்து, கையால் ஒரு தடவை துழாவி எடுங்கள். அரைக்கும்போது கைப்பிடி திடீரென்று கல்லில் இடித்த மாதிரி நின்றால் பலத்தைப் போட்டுச் சுற்றாதீர்கள். பின்னால் திருப்பி, கொட்டி, பாருங்கள்.

சரி, கையா கரண்டா? ஒரு கோப்பைக்கு 15 கிராம் கொட்டை என்று வைத்தால், மூன்று பேருக்கு 45 கிராம். சின்னக் கைக் கிரைண்டர்களில் ஒரு தடவைக்கு 20, 25 கிராம்தான் பிடிக்கும். அப்படியானால் காலையில் இரண்டு, மூன்று தடவை நிரப்பி, இரண்டு மூன்று நிமிஷம் சுற்ற வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஓடும் அவசரத்தில் அது பெரிய வேலையா சின்ன வேலையா என்பது உங்கள் வீட்டுக் காரியம். நமது மலைக் கோப்பி உயரத்தில் விளைந்தது, கொட்டை கெட்டியாக இருக்கும். அதை இலேசாக வறுத்தால் இன்னும் கெட்டி, கை வலிக்கும். கருக்க வறுத்தால் சுலபமாக நொறுங்கும். அப்பாவே சுற்ற வேண்டி வரும் என்றால் அவர் தோள், மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கரண்டில் ஓடுவதைக் கனடாவிலிருந்து கொண்டுவரச் சொல்வதில்தான் எனக்குப் பெரிய பயம். அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அங்கே வாங்கிய மெஷினை முள்ளை மாற்றி இங்கே செருகினால், மோட்டார் அன்றைக்கே புகைந்துவிடும். மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 220-240 என்று இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் வாங்கிப் போடலாம்தான், ஆனால் அதுவும் பாரம், அடுப்படியில் இடமும் பிடிக்கும், ஹேர்ட்ஸையும் அது மாற்றாது. கைக் கிரைண்டருக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதும் எங்கள் வீட்டில் கோப்பி நிற்கவில்லை. காஸ் இல்லாமல் விறகில் தண்ணீர் கொதித்தது, கையால் அரைத்தோம்.

அதனால் உங்கள் நிலைமைக்கு என் தெரிவு கைக் கிரைண்டர், அதிலும் கொஞ்சம் பெரிய பல் உள்ளது. டைம்மோர் சி2 என்ற கைக் கிரைண்டரில் பல் வளையத்தின் விட்டம் 38 மில்லிமீட்டர். 100 அமெரிக்க டொலருக்குக் கீழே கிடைக்கிற நல்ல வேலைக்காரன், ஒருவர் இருவர் குடிக்கும் வீட்டுக்குத் தாராளமாகப் போதும். மூன்று பேருக்கு 48 மில்லிமீட்டர் பல் வைத்த கிங்கிரைண்டர் கே6 போன்ற ஒன்றைச் சொல்வேன். பல் பெரிதானால் ஒரு சுற்றில் கூடுதலாக அரையும், 38இல் ஒரு நிமிஷம் பிடிப்பது இதில் பாதி நேரத்தில் முடியும். அளவு மாற்றும் வளையமும் வெளியிலேயே இருக்கிறது. சி2 இல் கிண்ணத்தைக் கழற்றி அடியில்தான் திருக வேண்டும். காலையில் வி60, மாலையில் பிரெஞ்ச் பிரஸ் என்று மாற்றி மாற்றி அரைக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கமாண்டான்டே சி40 பெயர் பெற்ற, இவற்றைவிட விலை கூடிய கைக் கிரைண்டர், நான் அரைத்துப் பார்த்திருக்கிறேன், அருமையாக இருக்கும். ஆனால் அந்த விலை வித்தியாசம் அதே அளவுக்குக் கோப்பைக்குள் வராது. மிச்சப் பணத்தில் ஒரு டிஜிட்டல் தராசும் நல்ல கொட்டையும் வாங்கலாம்.

கரண்டில்தான் வேண்டும் என்று தீர்மானித்தால் பராட்ஸா என்கோர் மாதிரி ஒன்று. 40 மில்லிமீட்டர் கூம்புப் பல், அரைப்பளவை 40 படிகளில் மாற்றலாம், உதிரிப் பாகங்கள் தனியாகக் கிடைக்கும். 230 வோல்ட்டில் ஓடும் வகையும் இருக்கிறது, ஆனால் கனடாக் கடையில் அது இருக்காது. இலங்கையிலோ சிங்கப்பூரிலோ வாங்க வழி இருந்தால் பாருங்கள்.

ஊருக்கும் அரைப்புக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, இதை வெளிநாட்டு வீடியோக்களில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். உயரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். 1,200 மீட்டர் அளவில் இருக்கிற உங்கள் தலவாக்கலையில் சுமார் 96 பாகையிலேயே கொதித்துவிடும். 1,868 மீட்டரில் இருக்கிற நுவரெலியாவில் 94 பாகைக்குக் கிட்ட. "கொதித்த தண்ணீரை அரை நிமிஷம் ஆற விட்டு ஊற்றுங்கள்" என்பது கடலோர ஊர்க்காரர்களுக்கான கணக்கு. நமக்குக் கேத்தல் கொதித்ததும் அப்படியே ஊற்ற வேண்டியதுதான். மார்கழிக் குளிரில் வடிகட்டியையும் கோப்பையையும் முதலில் சுடுதண்ணீரில் கழுவிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அப்படியும் புளிப்புத் தட்டினால் தூளை ஒரு படி பொடியாக்குங்கள். சூடு குறைந்த இடத்தை அரைப்பு ஈடுகட்டும்.

அளவு பிடிப்பதற்குப் பலர் "எத்தனை கிளிக்?" என்று, அதாவது வளையத்தைத் திருகும்போது எத்தனை சொடுக்கு என்று, கேட்கிறார்கள். அது மெஷினுக்கு மெஷின் மாறும். கடிகாரத்தை வைத்துப் பிடியுங்கள். பல் ஒன்றோடொன்று முட்டும் வரை மெதுவாகத் திருகுங்கள், அதுதான் சைபர். அங்கிருந்து எண்ணித் திறந்து, கல் உப்பைக் கொஞ்சம் நுணுக்கிய மாதிரித் தூள் விழும் இடத்தில் நிறுத்துங்கள். 15 கிராம் தூள், 250 மில்லிலீட்டர் தண்ணீர். முதலில் 40 மில்லி ஊற்றி அரை நிமிஷம் ஊற விடுங்கள், பிறகு மிச்சத்தை இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள். முதல் சொட்டு ஊற்றியதிலிருந்து இரண்டரை முதல் மூன்றேகால் நிமிஷத்துக்குள் வடிந்து முடிந்தால் சரியான பக்கத்தில் இருக்கிறீர்கள். முன்னாலேயே முடிந்து தண்ணியாக, புளிப்பாக இருந்தால் பொடியாக்குங்கள். நாலு நிமிஷம் தாண்டிக் கசந்தால் பெரிதாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கொட்டை அளவையும் அரைப்பையும் சேர்த்து மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு அதைவிடப் பெரிதாக, நாலு நிமிஷம் அல்லது கூடுதலாகவும் ஊற விடலாம். அது மன்னிக்கிற சாமான், சின்னப் பிழையெல்லாம் தெரியாது.

அப்பா எப்படிக் குடிக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் அப்பா மாதிரி, உரலில் இடித்த தூளைக் கோப்பையில் போட்டு, கொதிதண்ணீர் ஊற்றி, மண்டி அடங்கிய பிறகு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறவர் என்றால், அவருக்கு இந்தக் கிரைண்டர் எதுவும் தேவையில்லை. அந்தக் கோப்பிக்கு மெல்லிய பொடிதான் வேண்டும், உரலும் டவுன் மில்லும் அதை அழகாகச் செய்யும். அவர் தூளில் மல்லி, சுக்கு, மிளகு சேர்ப்பவர் என்றால் ஒரு கண்டிப்பான வார்த்தை: புதுக் கிரைண்டருக்குள் அவற்றைப் போடவே விடாதீர்கள். மிளகின் எண்ணெய் பல்லுக்குள் ஏறினால் மாசக்கணக்கில் வாசம் போகாது. பழைய பிளெண்டர் சாடி அதற்கென்றே இருக்கட்டும். நம்முடைய பாட்டன் பூட்டன் இந்த மலைக்கு வந்ததே கோப்பிக் காலத்தில்தான். 1869இல் இலைத்துரு நோய் கண்டு, அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் தேயிலையாக மாறிப்போயின. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலும் வேலி ஓரத்திலும் தப்பி நின்ற மரங்களின் கொட்டையை இடித்துத்தான் நம் வீடுகளில் அந்தக் கோப்பி தொடர்ந்து வந்தது. அப்பாவின் கோப்பையை மாற்றச் சொல்லி நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

இனிப் பராமரிப்பு. ஜூன், ஜூலை மழையில் நம் வீடுகளில் சுவர் வியர்க்கும், உப்பு கரையும். அரைத்து வைத்த தூள் அந்த ஈரத்தை இழுத்து இரண்டு நாளில் சவசவத்துப் போகும். வேண்டிய அளவை அப்போதப்போது அரைப்பது எல்லா ஊருக்கும் நல்லது, நமக்குக் கட்டாயம். எஃகுப் பல்லைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடைத்தால் போதும். பிளெண்டரைச் சுத்தம் செய்ய ஒரு பிடி அரிசி போடும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. இதில் செய்யாதீர்கள். பச்சரிசி வறுத்த கோப்பிக் கொட்டையை விடக் கெட்டி, மாவும் இடுக்கில் தங்கிவிடும்.

மழை விட்டுக் காற்று காயும் மாதங்களில் எதிர்த் தொல்லை வரும்: தூள் கிண்ணத்தின் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்ளும், மேசையெல்லாம் தெறிக்கும். அது நிலைமின்சாரம். கொட்டையை அரைப்பதற்கு முன் விரல் நுனியை நனைத்து ஒரு சொட்டு விட்டு, குலுக்கிவிட்டு அரைத்தால் அடங்கிவிடும். 2023இல் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்து, ஈரம் சேர்ந்தால் மின்னேற்றம் குறைகிறது என்று வெளியிட்டார்கள். ஒரு சொட்டு என்றால் ஒரே சொட்டுதான்.

டிசம்பர் வரும் வரை என்ன செய்வது? பிளெண்டரிலேயே கொஞ்சம் மேம்படுத்தலாம். ஒரேயடியாக ஓட்டாமல் ஒரு விநாடி ஓட்டி, சாடியைக் கவிழ்த்துக் குலுக்கி, மறுபடியும் ஒரு விநாடி, இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. பிறகு தேயிலை வடியில் சலித்து, கீழே விழுந்த பொடியை அப்பாவின் கோப்பைக்கு ஒதுக்குங்கள். மேலே நின்றதைப் பிரெஞ்ச் பிரஸ்ஸில் போட்டு ஆறு நிமிஷம் ஊற விடுங்கள். வி60ஐ அதுவரை அலுமாரியில் வைக்கலாம். கொட்டையில் கொஞ்சம் நட்டம் வரும், ஆனால் ஒரே அளவில் அரைந்த கோப்பி எப்படி ருசிக்கும் என்று உங்கள் நாக்குக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அண்ணன் கிளம்புவதற்கு முன், கைக் கிரைண்டரைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி வைக்கச் சொல்லுங்கள். உருளையாக, பாரமாக இருக்கும் இரும்பைக் கண்டால் விமான நிலையத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். சாமான் கைக்கு வந்ததும் முதல் ஐம்பது கிராமை அரைத்துக் கொட்டிவிடுங்கள், பல்லில் இருக்கிற தொழிற்சாலை எண்ணெய் போகட்டும். அடுத்த 15 கிராமை வெள்ளைத் தாளில் பரப்பிப் படம் எடுத்து, வி60இல் வடிந்து முடிந்த நிமிஷத்தையும் எழுதி அனுப்புங்கள். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.